வழி காட்டும் வரிக்குதிரை

1883-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி. ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் விலங்கு இறந்தது.

அது ஒரு விசித்திரமான பிராணி. முன்பாதி வரிக்குதிரை, பின்பாதி சாதாரணக் குதிரை! தலையிலும் கழுத்திலும் பளிச்சென்று வரிகள் இருக்கும். போகப் போக வரிகள் மங்கி, பின்புறம் வெறும் பழுப்பு நிறமாக முடியும். அதன் பெயர் குவாகா.

தென் ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் ஒரு காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த விலங்கு இது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் குடியேறிய வெள்ளைக்காரர்கள் அதைச் சுட்டுத் தள்ளினார்கள். தங்கள் ஆடுகளுக்கு வேண்டிய புல்லை மேய்ந்துவிடுகிறது என்றும் சுட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இறந்தது தான் உலகத்தின் கடைசிக் குவாகா. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது! "காட்டில் இன்னும் எத்தனையோ இருக்கும்" என்றே நினைத்தார்கள். ஒரு இனமே அற்றுப் போனது என்பது பின்னால் தான் உறைத்தது.

120 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் குவாகாவின் பெயர் மறுபடியும் உலகத்தில் அடிபட்டது. காட்டில் அல்ல, கம்ப்யூட்டரில்!

வரிக்குதிரைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? சுவையான கதை அது.

கேட்டுக் கேட்டுப் போகும் கடிதம்

நீங்கள் செல்போனில் ஒரு படம் பார்க்கிறீர்கள். அந்தப் படம் எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் இருந்து வருகிறது. முழுசாக வருவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் போய்ச் சேர வேண்டிய விலாசம் எழுதியிருக்கும்.

வழியில் பல சந்திப்புகள் உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு யந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு "ரவுட்டர்" என்று பெயர். தபாலாபீசில் கடிதம் பிரிப்பவரைப் போல, அது விலாசத்தைப் பார்த்து, "நீ இந்தப் பக்கம் போ", "நீ அந்தப் பக்கம் போ" என்று பொட்டலங்களைத் தள்ளிவிடுகிறது.

எந்தப் பக்கம் தள்ளுவது என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்ன விலாசத்துக்கு இன்ன வழி என்பது அந்தப் பட்டியல். அதை எழுதியது மனிதர்கள் அல்ல. ரவுட்டர்களே தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்கின்றன!

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ரவுட்டர்களின் பிழைப்பும் வாயில் தான் இருக்கிறது. "என் வழியாக இந்த ஊருக்குப் போகலாம்", "அந்தப் பாதை அறுந்துவிட்டது, அனுப்பாதே" என்று அவை இரவு பகலாகப் பேசிக்கொண்டே இருக்கின்றன. கடலுக்கடியில் ஒரு கம்பி அறுந்தால், மாற்று வழி இருக்கும் இடங்களில் உங்கள் படம் வேறு பாதையில் வந்து சேருகிறதே, அது இந்தப் பேச்சினால் தான்.

காப்பி ஆறுவதற்குள்!

இந்தப் பேச்சுக்குச் சில பாஷைகள் உண்டு. அவற்றில் இரண்டு முக்கியமானவை.

ஒரே கம்பெனிக்கோ, ஒரே சர்வகலாசாலைக்கோ சொந்தமான ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசும் பாஷைகளில் ஒன்று "ஓ.எஸ்.பி.எப்.". இதில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எல்லோருக்கும் அறிவிக்கும். அதைக் கொண்டு ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் போட்டுக்கொள்ளும். பிறகு குறுக்கு வழி எது என்று கணக்குப் போடும்.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு விஞ்ஞானி. 1956-ம் ஆண்டு அவர், தாம் மணக்கப் போகும் பெண்ணுடன் கடைத்தெருவில் சுற்றினார். கால் வலித்தது. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே அவர் மனத்துக்குள் அந்தக் கணக்கைப் போட்டு முடித்தார். கையில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. ஆன நேரம் 20 நிமிடம்!

அந்தக் காப்பிக் கடை இருந்த ஊர் எது தெரியுமா? கடைசிக் குவாகா இறந்த அதே ஆம்ஸ்டர்டாம்!

உலகம் பேசும் பாஷை

இரண்டாவது பாஷை, ஒரு கம்பெனியின் வலையும் இன்னொரு கம்பெனியின் வலையும் பேசிக்கொள்வது. அதற்கு "பி.ஜி.பி." என்று பெயர். 1989-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் என்ஜினீயர்கள் கூடினார்கள். சாப்பாட்டு நேரத்தில் கிர்க் லாகீட், யாக்கோவ் ரெக்டர் என்ற இருவர், கை துடைக்கும் காகிதத்தில் இதன் முதல் திட்டத்தைக் கிறுக்கினார்கள். அதனால் இதற்குக் "கைதுடைக் காகிதத் திட்டம்" என்றே செல்லப் பெயர் ஏற்பட்டது.

இன்று உலகத்தில் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட வலைகள் இந்தப் பாஷையில் பேசுகின்றன. பெரிய ரவுட்டர் ஒன்றின் பட்டியலில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. பி.ஜி.பி. நம்பிக்கையின் மேல் கட்டிய கோட்டை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை அது அப்படியே நம்பும்!

2008-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி நடந்ததைப் பாருங்கள். தங்கள் நாட்டில் யாரும் "யூடியூப்" பார்க்கக் கூடாது என்று பாகிஸ்தான் அரசாங்கம் உத்தரவு போட்டது. பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் தன் ரவுட்டரில் "யூடியூபுக்கு வழி இந்தப் பக்கம்" என்று ஒரு பொய் வழியை எழுதியது. நாட்டுக்குள் இருப்பவர்கள் அந்த வழியில் போய் முட்டிக்கொண்டு நிற்கட்டும் என்பது எண்ணம்.

அந்த அறிவிப்பு எல்லை தாண்டிவிட்டது. ஹாங்காங்கில் இருந்த பெரிய கம்பெனி ஒன்று அதை நம்பி உலகத்துக்கெல்லாம் சொன்னது. பொய் விலாசம் உண்மை விலாசத்தை விடத் துல்லியமாக எழுதப்பட்டிருந்தது. துல்லியமாக எழுதியதற்குத் தான் ரவுட்டர்கள் மதிப்புக் கொடுக்கும். ஆகவே உலகத்தின் பல பாகங்களிலும் யூடியூப் சுமார் 2 மணி நேரம் காணாமல் போயிற்று!

ஒரு ரவுட்டர் சொன்ன ஒரே வார்த்தை. அதன் விளைவு இவ்வளவு. அப்படியானால் அந்த ரவுட்டருக்குள் இருந்து பேசும் மென்பொருள் எப்படிப்பட்டது, அதை எழுதியவர் யார், அதில் பிழை இருந்தால் திருத்துவது யார் என்பது சாதாரண விஷயமா?

பலகாரம் உண்டு, பக்குவம் இல்லை!

1990-களில் ரவுட்டர் என்றால் கடையில் வாங்கும் பெட்டி. விலை அதிகம். உள்ளே இருக்கும் மென்பொருள் கம்பெனியின் ரகசியம். பலகாரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். செய்த பக்குவத்தைச் சொல்ல மாட்டார்கள். பிழை இருந்தால் கம்பெனி திருத்தும் வரை காத்திருக்க வேண்டியது தான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு ஜப்பானியர். அவர் பெயர் குனிஹிரோ இஷிகுரோ. இண்டர்நெட் இணைப்புத் தரும் தொழிலில் இருந்தவர். வழி காட்டும் மென்பொருள் நல்ல தரத்தில் வேண்டும். அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் யோஷினாரி யோஷிகாவாவும் ஆமோதித்தார். 1996-ம் ஆண்டு வேலை தொடங்கியது.

அந்த மென்பொருளுக்கு "ஜீப்ரா" என்று பெயர் வைத்தார்கள். ஜீப்ரா என்றால் வரிக்குதிரை!

ஜீப்ரா இலவசம். அது மட்டும் அல்ல. அதன் மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய எழுத்து முழுவதும், பகிரங்கமாக வைக்கப்பட்டது. யாரும் எடுத்துப் படிக்கலாம். யாரும் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பிறருக்குக் கொடுக்கும்போது, "நான் பெற்ற சுதந்திரம் நீயும் பெறு" என்று மூல நிரலையும் கொடுக்க வேண்டும்.

தனித் தனிக் குமாஸ்தாக்கள்

ஜீப்ராவின் அமைப்பிலும் ஒரு புதுமை இருந்தது. ஒரே பெரிய மென்பொருள் எல்லா வேலையையும் செய்யவில்லை. ஓ.எஸ்.பி.எப். பேச ஒரு குமாஸ்தா, பி.ஜி.பி. பேச வேறொரு குமாஸ்தா. இவர்கள் கேட்டு வந்த சேதிகளை எல்லாம் வாங்கி, நல்ல வழியைத் தேர்ந்து, யந்திரத்தின் பட்டியலில் எழுத ஒரு தலைமைக் குமாஸ்தா.

இதனால் என்ன லாபம்? ஒரு குமாஸ்தா மயங்கி விழுந்தாலும் மற்றவர்கள் வேலையைத் தொடருவார்கள். புதிய பாஷை வந்தால் புதிய குமாஸ்தா ஒருவரைச் சேர்த்தால் போதும்.

சந்தையில் செல்வாக்காக இருந்த ரவுட்டர்களுக்கு எப்படிக் கட்டளை இடுவார்களோ, ஏறக்குறைய அதே மாதிரி ஜீப்ராவுக்கும் கட்டளை இடலாம். ஆகவே என்ஜினீயர்கள் புதிதாகப் படிக்க வேண்டியது அதிகம் இல்லை. ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் இரண்டு வலை இணைப்புகளைப் பொருத்தி, இந்த மென்பொருளைப் போட்டால், அது ரவுட்டர் ஆகிவிடும்!

வரிக்குதிரை களைத்தது

1999-ம் ஆண்டு இஷிகுரோவும் யோஷிகாவாவும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஜீப்ராவை அடிப்படையாகக் கொண்டு, விலைக்கு விற்கும் மென்பொருள் ஒன்றைத் தயாரித்தார்கள். வியாபாரம் வளர்ந்தது. இலவச ஜீப்ராவின் வளர்ச்சி மெதுவாயிற்று.

உபயோகித்தவர்கள் தவித்தார்கள். பிழைகளைக் கண்டுபிடித்தார்கள், திருத்தியும் அனுப்பினார்கள். அந்தத் திருத்தங்கள் சீக்கிரம் ஏறவில்லை.

சாதாரணப் பொருளாக இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் மூல நிரல் தான் எல்லோர் கையிலும் இருக்கிறதே! 2003-ம் ஆண்டு பால் ஜக்மா முதலிய சிலர் ஜீப்ராவின் நிரலை அப்படியே எடுத்து, தனிக் குடித்தனம் தொடங்கினார்கள். அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. நிபந்தனையே அதற்கு இடம் கொடுத்தது.

புதிய மென்பொருளுக்கு என்ன பெயர் வைப்பது? வரிக்குதிரையின் நெருங்கிய சொந்தத்தைத் தேடினார்கள். "குவாகா" என்று வைத்தார்கள்!

அற்றுப் போன விலங்கின் பெயர் உயிர் பெற்றது. 2005-ம் ஆண்டுக்குப் பிறகு ஜீப்ராவுக்குப் புதிய பதிப்பு வரவில்லை. குவாகா உலகெங்கும் பரவியது. சிறிய இண்டர்நெட் கம்பெனிகள், ஆராய்ச்சிக் கூடங்கள், கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காக நிற்கும் பெரிய கட்டிடங்கள், எல்லா இடத்திலும் அது வழி காட்டியது.

பெயர்ப் பொருத்தம்

ஆனால் பெயர்ப் பொருத்தம் என்று ஒன்று உண்டே! ஜீப்ராவுக்கு வந்த வியாதியே குவாகாவுக்கும் வந்தது.

நிரலைக் காத்து வந்தவர்கள் மிகச் சிலர். திருத்தங்களை அனுப்பியவர்கள் ஏராளம். வரும் திருத்தம் ஒவ்வொன்றையும் படித்து, சரி பார்த்து, ஏற்க வேண்டும். கோயில் வாசல் ஒன்று. உள்ளே நுழையக் காத்திருந்த கூட்டமோ பெரிது. திருத்தங்கள் தேங்கின. அவரவர் தங்களிடம் தனித் தனியாகத் திருத்தம் செய்த குவாகாக்களை வைத்துக்கொள்ளும் நிலைமை வந்தது.

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மீண்டும் ஒரு பிரிவினை அறிவிக்கப்பட்டது. குவாகாவை உபயோகித்து வந்த பல கம்பெனிகள் கூடி, லினக்ஸ் பவுண்டேஷன் என்ற பொது ஸ்தாபனத்தின் நிழலில் புதிய குடித்தனம் வைத்தன. அதன் பெயர் "எப்.ஆர்.ஆர்.". முதலில் வைத்த முழுப் பெயர் "ப்ரீ ரேஞ்ச் ரவுட்டிங்". கொட்டடியில் அடைக்காமல் வெளியில் மேயவிட்டு வளர்ப்பதைத் தான் ஆங்கிலத்தில் "ப்ரீ ரேஞ்ச்" என்பார்கள். வரிக்குதிரை வம்சத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

இந்தத் தடவை அவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். காவலர் ஒருவர் இருவர் அல்ல, பலர். வரும் திருத்தங்களை மனிதர்கள் பார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர்கள் சோதித்துச் சொல்லும் ஏற்பாடும் உண்டு.

பழைய குவாகாவுக்கு 2018-ம் ஆண்டுக்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை. எப்.ஆர்.ஆர். இன்று உயிரோடு இருக்கிறது. மைக்ரோசாப்ட் கம்பெனி ஆரம்பித்து, பெரிய பெரிய கம்ப்யூட்டர் மையங்களில் ஓடும் "சோனிக்" என்ற மென்பொருளுக்கு உள்ளேயும் வழி காட்டுவது இது தான்.

ஒரு சோதனை

இலவச மென்பொருள் என்றால் பிழையே இருக்காதா? இருக்கும். 2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் அது சந்தி சிரித்தது!

பி.ஜி.பி. பாஷையில் தெரியாத குறிப்பு ஏதாவது வந்தால், "எனக்குப் புரியவில்லை" என்று சும்மா அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. ஆராய்ச்சியாளர்கள் சிலர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அப்படி ஒரு குறிப்பை இண்டர்நெட்டில் அனுப்பிப் பார்த்தார்கள். அந்தக் குறிப்பின் எண், சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்.

எப்.ஆர்.ஆர். தடுமாறியது! அதை எழுதியவர்கள் அதே எண்ணைத் தங்கள் பரிசோதனை ஒன்றுக்கு உபயோகித்துவிட்டு, எடுக்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பைக் கண்டதும் எப்.ஆர்.ஆர். ரவுட்டர்கள் பக்கத்து ரவுட்டருடன் பேச்சையே முறித்துக்கொண்டன.

ஆராய்ச்சியாளர்கள் சோதனையை நிறுத்தினார்கள். எப்.ஆர்.ஆர். காரர்கள் பிழையை மறைக்கவில்லை. பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, சில நாட்களுக்குள் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள்.

அதே மாதத்தில் மறுபடியும் சோதனை நடந்தது. மறுபடியும் புகார்! புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளாதவர்கள் இன்னும் இருந்தார்கள். சோதனை கைவிடப்பட்டது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. மருந்து இலவசமாகக் கிடைத்தால் மட்டும் போதாது. வாங்கிக் குடிக்கவும் வேண்டும். இன்னொன்று, எல்லோரும் ஒரே மென்பொருளை உபயோகித்தால் ஒரே பிழை எல்லோரையும் வீழ்த்திவிடும்.

பறவையும் உண்டு

நல்ல வேளையாக, இந்தக் காட்டில் வரிக்குதிரை மட்டும் இல்லை. ஒரு பறவையும் இருக்கிறது!

செக் நாட்டின் தலைநகரான பிராக்கில், சார்லஸ் சர்வகலாசாலை மாணவர்கள் சிலர் 1990-களின் கடைசியில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் "பேர்ட்", அதாவது பறவை. மாணவர்களின் பயிற்சி வேலையாகத் தொடங்கிய அது, இன்று செக் நாட்டு இண்டர்நெட் பெயர்களைப் பதிவு செய்யும் ஸ்தாபனத்தின் ஆதரவில் வளர்கிறது. அதுவும் இலவசம், அதன் மூல நிரலும் பகிரங்கம்.

நூற்றுக்கணக்கான வலைகள் ஒரே இடத்தில் கூடித் தகவல் மாற்றிக்கொள்ளும் பெரிய சந்தைகள் உண்டு. அங்கே எல்லோருடைய வழிகளையும் வாங்கி எல்லோருக்கும் சொல்லும் பொது வழிகாட்டியாக இந்தப் பறவை பிரசித்தி பெற்றிருக்கிறது. லண்டன், பிராங்க்பர்ட், ஆம்ஸ்டர்டாம் சந்தைகளில் அது வேலை பார்க்கிறது. ஆம், மறுபடியும் ஆம்ஸ்டர்டாம்!

2004-ம் ஆண்டில் பிறந்த "ஓப்பன் பி.ஜி.பி.டி." என்ற இன்னொன்றும் உண்டு. சில சந்தைகளில் இரண்டு வழிகாட்டிகளை வைத்து, ஒன்றில் ஒரு மென்பொருளும் மற்றொன்றில் வேறு மென்பொருளும் போடுகிறார்கள். ஒன்று தடுக்கி விழுந்தால் மற்றது நிற்கும் அல்லவா?

குவாகா மீண்டும் வருமா?

அசல் குவாகாவின் கதை என்ன ஆயிற்று?

1984-ம் ஆண்டு விஞ்ஞானிகள் ஜெர்மனியில் ஒரு காட்சிசாலையில் இருந்த குவாகாத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த சதைத் துணுக்கை ஆராய்ந்தார்கள். அற்றுப் போன விலங்கு ஒன்றின் மரபுப் பொருளைப் படித்தது அது தான் முதல் தடவை. குவாகா தனி இனம் அல்ல, சமவெளி வரிக்குதிரையின் ஒரு கிளை என்று ஆராய்ச்சிகள் காட்டின. 1987-ம் ஆண்டு முதல் தென் ஆப்பிரிக்காவில் வரிகள் குறைந்த வரிக்குதிரைகளைப் பொறுக்கி எடுத்து இனம் பெருக்கி வருகிறார்கள். இப்போது பார்வைக்குக் குவாகா மாதிரியே குட்டிகள் பிறக்கின்றன. ஆனால் அது பழைய குவாகா அல்ல, வெறும் சாயல் தான் என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு.

மென்பொருள் குவாகாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதன் ஒவ்வொரு எழுத்தும் பத்திரமாக இருக்கிறது. எழுதியவர் களைத்தாலும், கம்பெனி கைவிட்டாலும், அடுத்தவர் எடுத்து நடத்தலாம். இஷிகுரோ 1996-ல் தொடங்கியது இரண்டு தடவை பெயர் மாறி இன்றும் ஓடுகிறதே, அது தான் சாட்சி.

ஆனால் எடுத்து நடத்த ஆள் வேண்டும்! பூட்டு இல்லாத வீடு என்றாலும், விளக்கு ஏற்ற ஒருவர் இல்லாவிட்டால் இருள் தான். உலகத்தின் பேச்சும் எழுத்தும், பணமும் வியாபாரமும் போகிற பாதைக்கு வழி சொல்லும் வேலையில் பெரும் பங்கு, இந்த மென்பொருள்களின் கையில் இருக்கிறது. உபயோகிப்பவர்களோ கணக்கில் அடங்காதவர்கள். திருத்திக் காப்பவர்கள் அவர்களில் சொற்பம்.

இந்தத் தொழிலைக் கற்க இன்று பெரிய பெட்டிகள் வாங்க வேண்டியது இல்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் பத்துக் கற்பனை ரவுட்டர்களை உண்டாக்கி, ஒன்றோடொன்று பேச விட்டு, பாதையை அறுத்துப் பார்த்து, மாற்று வழி பிறப்பதைக் கண்ணாரக் காணலாம். காசு வேண்டாம், ஆர்வம் போதும். அப்படிக் கற்கும் ஒரு மாணவனோ மாணவியோ நாளைக்கு ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால், அது உலகம் முழுவதும் ஓடும்.

1883-ல் ஆம்ஸ்டர்டாமில் குவாகா இறந்தபோது, அது தான் கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் காப்பாற்ற யாராவது முன்வந்திருப்பார்களோ என்னவோ!

இந்த வரிக்குதிரைக்கு அந்தக் கதி வராமல் இருப்பது, அதை உபயோகிக்கிறவர்கள் கையில் தான் இருக்கிறது.